ஊசி முதலில், டர்ன்டேபிள் கடைசியில்: கையைக் கடிக்காமல் ரிக்கார்டு ஒலியை மேம்படுத்த

ரிக்கார்டு பிளேயர் வாங்கிச் சில மாதம் ஆகியிருக்கும். கடையில் வாங்கிய புதுத் தட்டு நாலைந்து, பழைய பொருள் விற்கும் கரோசெல் செயலியில் கிடைத்த பழைய எச்எம்வி, எக்கோ தட்டுகள் கொஞ்சம், ஊரிலிருந்து மாமா கொடுத்தனுப்பிய இரண்டு. முதலில் தட்டு சுற்றுவதைப் பார்ப்பதே போதுமாக இருந்தது. இப்போது காது கேள்வி கேட்கிறது: அதே பாட்டு கைபேசியில் இதைவிடத் தெளிவாக இருக்கிறதே, ஏன்? அடுத்த நிமிடம் விரல் ஆயிரம் வெள்ளி டர்ன்டேபிளைத் தேடிப் போய்விடும்.

போகட்டும், பார்ப்பதற்குக் காசில்லை. வாங்குவதற்கு முன் மட்டும் இதைப் படித்துவிடுங்கள். ரிக்கார்டு ஒலியைப் பொறுத்தவரை அதிக விலையுள்ள சாமான்தான் அதிக வித்தியாசம் தரும் என்பதில்லை. முதலில் இருப்பதைச் சரியாகப் பொருத்த வேண்டும். அதற்குக் காசே வேண்டாம். பிறகு ஊசி, அதற்குப் பிறகு ஸ்பீக்கர். டர்ன்டேபிளை மாற்றுவது கடைசி. இந்த வரிசைக்குக் காரணம் தட்டிலேயே இருக்கிறது.

பள்ளத்தில் நடப்பது

நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் எல்பி தட்டைக் கொலம்பியா நிறுவனம் 1948இல் கொண்டுவந்தது. அதன் ஒரு பக்கத்தில் வெளி விளிம்பிலிருந்து லேபிள் வரை சுருண்டு போவது ஒரே ஒரு பள்ளம். அகலம் ஏறக்குறைய தலைமுடி அளவு. பாட்டு அதன் சுவர்களில் நெளிநெளியாகப் பதிந்திருக்கிறது. ஸ்டீரியோ தட்டானால் உள்சுவர் இடது ஸ்பீக்கருக்கு, வெளிச்சுவர் வலது ஸ்பீக்கருக்கு.

ஊசி இந்த நெளிவுகளில் உரசி நடுங்குகிறது. ஊசியைத் தாங்கும் மெல்லிய குச்சியின் மறுமுனையில் ஒரு குட்டிக் காந்தம், அதன் அருகே கம்பிச்சுருள். காந்தம் அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். இந்த மொத்தப் பெட்டிக்குத்தான் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். அது தருவது வெறும் 3 முதல் 5 மில்லிவோல்ட். சிடி பிளேயரிலிருந்து 2 வோல்ட் வரை வருகிறது என்பதை நினைத்தால் இது எவ்வளவு சின்னது என்று புரியும். இதை ஆம்ப் என்னும் பெட்டியில் பெருக்கிப் பெருக்கித்தான் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறோம். ஊசி ஒரு நெளிவைத் தவறவிட்டால், பின்னால் எத்தனை ஆயிரம் வெள்ளி ஆம்ப் இருந்தாலும் அது திரும்ப வராது. ஊசி தப்பாகச் சொன்னால், நல்ல ஸ்பீக்கர் அந்தத் தப்பை இன்னும் தெளிவாகச் சொல்லும், அவ்வளவுதான்.

ஊசிக்கு இன்னொரு சிரமமும் உண்டு. தட்டின் வெளி விளிம்பில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஊசிக்கு அடியில் ஓடுகிறது. லேபிள் பக்கம் வரும்போது வட்டம் சின்னதாகிவிடுவதால் அதே ஒரு நொடிப் பாட்டு 21 செ.மீ.க்குள் நெருக்கி அடைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தின் முதல் பாட்டு இனிமையாக இருக்க, கடைசிப் பாட்டில் மட்டும் 'ஸ்', 'ச்' எல்லாம் சீறிக்கொண்டு வருவது இதனால்தான். உங்கள் செட்டை எடைபோட வேறு கருவி வேண்டாம். ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள், போதும்.

செலவில்லாத வேலை

டர்ன்டேபிள் சமமாக நிற்கிறதா என்று நீர்மட்டச் செயலியைத் திறந்து, கைபேசியைத் தட்டு வைக்கும் வட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் காலைத் திருகிச் சரிசெய்யலாம். திருக முடியாத காலென்றால் அடியில் மடித்த அட்டை.

அடுத்தது ஊசி அழுத்தம். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் நீண்ட கையான ஆர்மின் பின்பக்கம் உருட்டும் எடை இருக்கிற பிளேயர்களுக்கு இது மிக முக்கியம். ஊசியின் உறையைக் கழற்றுங்கள், ஆர்ம் லேபிள் பக்கம் இழுபடாமல் பிடிக்கும் ஆன்டி-ஸ்கேட் குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஆர்மைத் தாங்கியிலிருந்து விடுவித்து, பின் எடையை முன்னும் பின்னும் உருட்டுங்கள். ஒரு கட்டத்தில் ஆர்ம் மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் காற்றில் அப்படியே மிதக்கும். அதுதான் பூஜ்யம். எடையை அசைக்காமல், அதன் முன்னாலிருக்கும் எண் வளையத்தை மட்டும் திருப்பி 0வுக்குக் கொண்டுவாருங்கள். இனி எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருப்பி, கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன அளவில் நிறுத்துங்கள். ஆடியோ-டெக்னிக்கா விஎம்95இ என்றால் 2 கிராம், ஆர்டோஃபான் 2எம் ரெட் என்றால் 1.8. ஆன்டி-ஸ்கேட்டையும் அதே எண்ணில் வைத்தால் போதும். வளையத்தின் மேல் நம்பிக்கை இல்லையென்றால் ஊசி எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு இணையத்தில் மலிவாகக் கிடைக்கும்.

அழுத்தத்தைக் குறைத்தால் தட்டு தேயாது என்று நினைத்து 1 கிராமில் வைப்பவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு. அழுத்தம் போதாத ஊசி சுவரோடு ஒட்டாமல் துள்ளித் துள்ளி விழும். ஒவ்வொரு முறை விழும்போதும் சுவரைக் கொத்தும்.

வேகத்தைச் சோதிக்கவும் கருவி தேவையில்லை. 33⅓ சுற்று என்றால் மூன்று நிமிடத்தில் சரியாக நூறு சுற்று. லேபிள் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, கைபேசியில் நேரம் வைத்து எண்ணுங்கள். நூறு வரவில்லை என்றால் பெரும்பாலும் மோட்டாரிலிருந்து தட்டைச் சுற்றவைக்கும் ரப்பர் பெல்ட் தொய்ந்திருக்கும். புது பெல்ட் மலிவு. உங்கள் மாடலின் பெயரைச் சொல்லித் தேடினால் அளவு தெரிந்துவிடும்.

பிறகு, டர்ன்டேபிளையும் ஸ்பீக்கரையும் ஒரே டிவி கேபினட்டின் மேல் வைக்காதீர்கள். உட்லண்ட்ஸில் இருக்கும் நண்பர் ஒருவர், "சத்தம் கூட்டினா ஊஊன்னு ஊளையிடுது, ஸ்பீக்கர் போச்சுடா" என்று புலம்பினார். ஸ்பீக்கருக்கு ஒன்றுமில்லை. அதன் அதிர்வு பலகை வழியாக ஊசிக்குப் போய், ஊசியிலிருந்து ஆம்ப்புக்குப் போய், மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரைத் தூக்கி இரண்டு ஸ்டூலில் வைத்ததும் ஊளை நின்றது. ஒரு வகையில் நமக்கு அதிர்ஷ்டம்: சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டுத் தரை கான்கிரீட். மரத்தரை வீடுகளில் நடந்தாலே ஊசி துள்ளும். அந்தத் தொல்லை இங்கே கிடையாது.

ஊசி

முதல் செலவு இங்கேதான். தொடக்கநிலை பிளேயர்களில் பெரும்பாலும் கூம்பு முனை ஊசி வரும். அதன் நுனி ஒரு குட்டி உருண்டை, ஆரம் 15 முதல் 18 மைக்ரான். பள்ளத்தின் நுண்ணிய வளைவுகளில் அது நுழைவது குறுகிய சந்தில் லாரியைத் திருப்புகிற கதை. நீள்வட்ட முனைக்குப் பக்கவாட்டு ஆரம் சுமார் 8 மைக்ரான்தான், வளைவுக்குள் போய்வரும். கடைசிப் பாட்டின் சீறல் பாதி இங்கேயே அடங்கிவிடும்.

பெரும்பாலான காந்த வகைக் கார்ட்ரிட்ஜ்களில் ஊசியை மட்டும் முன்பக்கமாக இழுத்து மாற்றலாம், திருகாணியைத் தொட வேண்டியதில்லை. ஆடியோ-டெக்னிக்கா எல்பி60எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அதில் கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது, ஆனால் ஊசி கழன்று வரும். அதே இடத்தில் பொருந்தும் நீள்வட்ட ஊசிகள் கிடைக்கின்றன. எல்பி120எக்ஸ் என்றால் விஎம்95இ கூடவே வருகிறது. அந்த விஎம்95 உடம்பு ஒன்றுதான், அதில் கூம்பு முனையிலிருந்து இன்னும் நுண்ணிய மைக்ரோலீனியர், ஷிபாட்டா முனைகள் வரை எந்த ஊசியையும் செருகலாம். இப்படிப் படிப்படியாக ஏற வழியுள்ள கார்ட்ரிட்ஜாகப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம். ஆர்டோஃபானிலும் ரெட் உடம்பில் ப்ளூ ஊசியைப் போடலாம்.

விலையைப் பார்க்கும்போது ஆயுளையும் பாருங்கள். ஆடியோ-டெக்னிக்கா தன் நீள்வட்ட ஊசிக்குச் சொல்லும் ஆயுள் 300 மணி நேரம், மைக்ரோலீனியருக்கு 1000. விலை இரண்டு மூன்று மடங்கு என்றாலும் மணிக்கணக்கில் பார்த்தால் பெரிய நஷ்டமில்லை. நாள்தோறும் கேட்பவர் என்றால் என் ஓட்டு மைக்ரோலீனியருக்கு. வாரத்துக்கு ஒரு தட்டு போடுபவருக்கு நீள்வட்டமே தாராளம்.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த பழைய திரைப்படத் தட்டுகள் பல, அந்தக் காலத்தில் கனமான ஊசியுள்ள பெட்டி பிளேயர்களில் தேய்ந்தவை. தேய்ந்தது கூம்பு ஊசி உரசிய உயரத்தில்தான். முனையின் வடிவம் மாறினால் ஊசி சுவரில் வேறு உயரத்தில் தொடும். அந்த இடம் சிலசமயம் புதுசாகவே இருக்கும். எல்லாத் தட்டும் இப்படிப் பிழைக்காது, ஆனால் போய்விட்டது என்று ஒதுக்கியதைப் புது ஊசியில் ஒருமுறை போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மோனோ தட்டாக இருந்து ஆம்ப்பில் மோனோ பொத்தானும் இருந்தால் அழுத்துங்கள். மோனோ பாட்டு பள்ளத்தில் பக்கவாட்டில்தான் பதிந்திருக்கும். மேலும் கீழும் வரும் அசைவெல்லாம் இரைச்சல். இடது, வலது இரண்டு ஒலியையும் சேர்த்தால் அந்த இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கும் பிளேயர் வைத்திருந்தால் இந்தக் கதை எதுவும் பொருந்தாது. அதிலிருப்பது பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ், அழுத்தம் 5 கிராம் பக்கம், மாற்ற வழியில்லை. அதற்காக ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள், சேர்த்து வையுங்கள்.

ஃபோனோ என்றால்

அடிக்கடி குழப்புவது பிளேயரின் பின்னாலிருக்கும் இந்த ஃபோனோ பொத்தான்தான். தாழ்ந்த ஒலிகளை உள்ளபடியே பதித்தால் பள்ளம் ஏகத்துக்கு அகலமாகி, ஒரு பக்கத்தில் இருபது நிமிடம் அடங்காது. அதனால் பதிக்கும்போது பாஸ் என்னும் இந்தத் தாழ்ந்த ஒலியைக் குறைத்து, டிரெபிள் என்னும் உயர்ந்த ஒலியை ஏற்றிப் பதிக்கிறார்கள். கேட்கும்போது அதைத் தலைகீழாக்க வேண்டும். டிரெபிளை இறக்கும்போது தட்டின் இரைச்சலும் சேர்ந்து இறங்குவது கூடுதல் லாபம். 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கமான ஆர்ஐஏஏ இதற்கு ஒரே அளவை வகுத்தது. இந்தத் திருத்தத்தையும் நூறு மடங்கு பெருக்கலையும் செய்வதுதான் ஃபோனோ பிரீஆம்ப்.

அது இல்லாமல் ஆம்ப்பின் சாதாரணத் துளையான ஆக்ஸில் செருகினால் பாட்டு ஈனஸ்வரத்தில், பாஸே இல்லாமல் கேட்கும். இரண்டு தடவை செய்துவிட்டால், அதாவது பிளேயரின் உள்ளேயும் ஆம்ப்பிலும், கரகரவென்று உடையும். பிளேயரின் பின்னால் ஃபோனோ, லைன் என்று பொத்தான் இருந்தால்: ஆம்ப்பின் ஃபோனோ துளையில் செருகியிருந்தால் ஃபோனோவில், வேறு எந்தத் துளையென்றாலும் லைனில் வையுங்கள். தனி பிரீஆம்ப் வாங்குவது பெரிய முன்னேற்றமா என்றால், இந்த விலை மட்டத்தில் இல்லை என்பேன். உள்ளேயே இருப்பது ஓரளவுக்குப் போதும். 'ம்ம்ம்' என்று ரீங்காரம் கேட்டால் பிரீஆம்ப்பைக் குறை சொல்வதற்கு முன், எர்த் வயர் ஆம்ப்பின் திருகில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

விலையுயர்ந்த கேபிளைப் பற்றிக் கேட்பீர்கள். வேண்டாம்.

ஸ்பீக்கரும் வீடும்

ஊசிக்குப் பிறகு காதுக்குத் தெரிகிற வித்தியாசம் ஸ்பீக்கரில். ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினால் வேலை முடிந்தது, இடமும் மிச்சம். எடிஃபையர் போன்றவை இந்த விலையில் நியாயமானவை. புளூடூத்திலும் கேட்கலாம், கெட்டுப்போகாது. ஊசிக்குச் செலவழித்த காசின் பலன் கொஞ்சம் மங்கும்.

பழைய ஜப்பானிய ஆம்ப்பும் பழைய ஸ்பீக்கரும் சேர்த்து வாங்குவது இன்னொரு வழி. 70, 80களின் ஆம்ப்களில் நல்ல ஃபோனோ பகுதி உள்ளேயே இருக்கும். ஸ்பீக்கர் வாங்கும்போது முன்வலையைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையம் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் உளுத்துப் போய், தொட்டதும் பொடியாக உதிரும். ரப்பர் வளையமாக இருந்தால் நிம்மதி. வாங்காவிட்டாலும் பரவாயில்லை, சிட்டி ஹால் பக்கம் ஹை-ஃபை கடைகளுக்குப் பேர்போன அடெல்ஃபி கட்டடத்துக்கு ஒரு சனிக்கிழமை போய்வாருங்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு தட்டைக் கையோடு எடுத்துப் போனால், எது வித்தியாசம் எது விளம்பரம் என்று காதே சொல்லிவிடும்.

வீட்டில் ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பாஸ் 'பொம்பொம்' என்று வீங்கும். ஒரு முழம் முன்னால் இழுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்கள் உட்காரும் இடமும் சமபக்க முக்கோணமாகட்டும், மேல் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர் காது உயரத்தில் வரட்டும். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமாக இருக்கும் வரவேற்பறையில் ஒலி எதிரொலித்துக் குழம்பும். தரைவிரிப்பு, திரைச்சீலை, புத்தக அலமாரி இவையெல்லாம் ஒலிக்கருவிகள்தான். இரவு நேரமானால் ஹெட்ஃபோன். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் அதே பாட்டு பிடிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஜப்பான் சரக்கு வாங்குவதற்கு முன்

இதெல்லாம் செய்த பிறகும் டர்ன்டேபிளை மாற்றத்தான் வேண்டும் என்றால், பழையதில் நல்லவை மலிவாகக் கிடைக்கும். ஜப்பானிலிருந்து வந்தவையும் விற்பனைக்கு வருகின்றன. அவை 100 வோல்ட்டுக்குச் செய்தவை, நமது மின்சாரம் 230 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வார். வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் ஆகாது. ஜப்பானில் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாக்கா பக்கம் 60. சிங்கப்பூரில் 50. பழைய பெல்ட் வகை டர்ன்டேபிள்கள் பலவற்றில் மோட்டாரின் வேகம் இந்த ஹெர்ட்ஸைத்தான் பின்பற்றும். 60க்குச் செய்ததை இங்கே ஓட்டினால் 33⅓ என்பது 28க்கும் குறையும். பாட்டின் சுருதி ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை இறங்கிவிடும். கீச்சுக்குரல் பாடகி கம்பீரமாகிவிடுவார். அதனால் பின்புறத் தகட்டில் 50 என்றோ 50/60 என்றோ இருக்கிறதா, மோட்டார் கப்பி எந்த ஹெர்ட்ஸுக்கானது என்று கேட்டு வாங்குங்கள். பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேரடியாகச் சுற்றும், வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் கட்டுப்படுத்தும் டைரக்ட் டிரைவ் வகைகளுக்கு இந்தக் கவலை இல்லை. 1972இல் தொடங்கிய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வரிசை அந்த வகையின் பிரபலமான பெயர், அதனாலேயே பழையதும் மலிவில்லை.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைத்தால் ஜிஎஸ்டியையும் கணக்கில் சேருங்கள். 2023 தொடக்கத்திலிருந்து 400 வெள்ளிக்கு உட்பட்ட பார்சலுக்கும் வரி உண்டு, இப்போது 9 விழுக்காடு.

பூஞ்சை

நமது ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். எத்தனை நல்ல ஊசியானாலும் பூஞ்சை பிடித்த தட்டில் படபடவென்று வெடித்துக்கொண்டுதான் போகும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தட்டைப் பாருங்கள். பள்ளங்களுக்குக் குறுக்கே வெள்ளைப் புள்ளிகளோ நூலாம்படை மாதிரி மெல்லிய படலமோ தெரிந்தால் அது தூசி இல்லை, பூஞ்சை. டிஸ்டில்டு தண்ணீரில் மென்மையான சோப்புத் திரவம் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் போகும் திசையிலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்டு தண்ணீரால் அலசி, பாத்திரம் உலர்த்தும் ஸ்டாண்டில் நிற்க வைத்து உலர விடுங்கள். லேபிள் நனையக்கூடாது. பழைய காகித உறையில் மட்டும் திரும்பப் போடாதீர்கள், பூஞ்சை குடியிருப்பதே அங்கேதான். பாலித்தீன் உறைகள் கட்டாக வாங்கினால் மலிவு.

இடமில்லை என்று தட்டுகளை வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டருக்குள் அடுக்குவது இங்கே பல வீடுகளில் நடக்கிறது. காற்றோட்டம் குறைந்த அறை அது. வரவேற்பறை அலமாரியில், வெயில் படாத பக்கமாக, செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் வளையும்.

தாத்தா காலத்து 78

சில வீடுகளில் 10 அங்குலத்தில், கனமாக, பக்கத்துக்கு ஒரே பாட்டுள்ள தட்டுகள் இருக்கும். அவை எல்பி அல்ல, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டுகள், சுருக்கமாக 78. அவற்றின் பள்ளம் மூன்று நான்கு மடங்கு அகலம். எல்பி ஊசி அதன் அடியில் போய்க் கிடந்து குப்பையைத்தான் வாசிக்கும். 78க்கென்று தனி ஊசி வேண்டும், பிளேயரிலும் அந்த வேகம் வேண்டும். விஎம்95 உடம்புக்கே 78 ஊசியும் இருக்கிறது. அதற்கு அழுத்தம் அதிகம், உங்கள் ஆர்ம் அந்த எடையைத் தருமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கழுவும்போது ஆல்கஹால் கலந்த எந்தத் திரவத்தையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள்: வினைலுக்கு அது தாங்கும், 78 தட்டு அரக்கால் ஆனது, கரைந்துவிடும்.